நாலு நிமிஷம், பத்து செக்கன்

எங்கள் மேல்மாடி மிஸ்ஸுக்குத் தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பைக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, "காணும்" என்பார். கோப்பை அப்போது முக்கால்வாசிதான் நிறைந்திருக்கும். சோற்றுக்கும் அதே கை, அதே சொல். 'போதும்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, யாழ்ப்பாணத்துக் 'காணும்'தான். மட்டக்குளி பஸ்ஸில் நிரம்பி வழியும் கூட்டத்தைக் கொண்டக்டர் முதுகில் தட்டித் தட்டி முன்னால் தள்ளினால், திரும்பிப் பார்த்து, "எத்தி, மல்லி" என்பார். சிங்களத்தில் அதே சொல், 'காணும், தம்பி'. குரல் உயராது. அந்தக் கொண்டக்டர் அடுத்த இரண்டு தரிப்பிடங்களுக்காவது யாரையும் தள்ளாமல் வந்ததைக் கண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடிக் கட்டடம். நாங்கள் மூன்றாம் மாடி, அவர் நாலாம் மாடி. பரிசோதனைக்கூடத்தில் வேலை என்பதால் கட்டடத்தில் எல்லோரும் அவரை லாப் மிஸ் என்றே அழைத்தோம். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டுவார். பெரிய செக்கன் முள் உள்ள பழைய கடிகாரம். வலது பெருவிரல் நகத்தின் ஓரத்தில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத ஊதா நிறம். பின்னேரங்களில் கடற்கரையோரமாக ரயில் போகும்போது எங்கள் யன்னல்கள் மெல்ல அதிரும். அந்த நேரம் பல்கனியில் நின்று, கடலைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கீழிருந்து கேட்டேன்.

"அதிர்வு எத்தினை செக்கனில நிக்குதெண்டு பாக்கிறன்," என்றார்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். பிறர் எழுதியதை வெட்டுவது வேலை. ஞாயிற்றுக்கிழமை சுகாதாரப் பக்கமும் என் பொறுப்பு. ஒருமுறை அந்தப் பக்கத்துக்கு, 'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்க எட்டு வழிகள்' என்று தலைப்பிட்டிருந்தேன். திங்கட்கிழமை காலை லிஃப்ட்டுக்குள் நாங்கள் இருவர் மட்டும்.

"தம்பி, உந்தத் தலைப்பு நீங்களோ போட்டது?"

"ஓம் மிஸ். நல்லா இருக்கே?"

"பெருக்கி என்ன செய்யப்போறியள்?"

"கூடினால் நல்லதுதானே?"

"ஆருக்கு?" என்றார். கதவு திறந்தது. அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அந்தக் கேள்வியோடு நான் வாசலில் நின்றேன்.

பத்திரிகைக்காரனிடம் கேள்வியை விட்டுப் போவது ஆபத்து. 'பரிசோதனைக்கூடத்தில் ஒரு காலை' என்று ஒரு கட்டுரை எழுத அனுமதி கேட்டேன். ஒரே நிபந்தனை வைத்தார்: பெயர் வேண்டாம், படம் வேண்டாம். கட்டுரையில் அதைக் காப்பாற்றினேன். இதிலும் காப்பாற்றுகிறேன்.

பரிசோதனைக்கூடம் கொட்டாஞ்சேனையில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே. கீழே வண்டியில் தகரம் ஏற்றும் சத்தம். இடையிடையே ஒரு பக்கம் தேவாலய மணி, மறுபக்கம் கோயில் மணி. மேலே அந்தச் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் உடலிலிருந்து எடுக்கும் சிறு சதைத் துண்டுகள் அங்கே வரும். அவற்றை மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லிதாகச் சீவுவார். சீவல்கள் நாடாவாக வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கும். கண்ணாடித் துண்டைத் தண்ணீருக்குள் சாய்த்து இறக்கி, ஒரு சீவலை அதில் ஏந்தி எடுப்பார். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "மூச்சு விடலாம், தம்பி," என்றார். "இந்தப் பக்கம் விடாமல் இருந்தால் சரி."

ஒரு குடல் துண்டைச் சாதாரணச் சாயத்தில், நுணுக்குக்காட்டி வழியே பெருப்பித்துக் காட்டினார். இளஞ்சிவப்பும் ஊதாவும். மழை விட்ட பின்னேரத்தில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் தெரியும் வானத்தின் நிறம். வட்ட வட்டமாகச் சுரப்பிகள், கோலப்புள்ளிகளைச் சுற்றி வளைத்ததுபோல. இடையில் ஊதாப் பொட்டுகள்.

"உந்தப் பொட்டுகள்தான் காவல் செல்."

"எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு, மிஸ்."

"அதுதான் கரைச்சல். அடிக்கிறதும் நிப்பாட்டுறதும் உந்தச் சாயத்தில ஒரே முகம்."

நிப்பாட்டுகிற செல் என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் அறிந்தேன். ரெகுலேட்டரி செல் என்றார். கட்டுரையில் அதைச் சீராக்கும் கலங்கள் என்று எழுதினேன். பத்திரிகைக்காரன் உவமை இல்லாமல் வெளியேற மாட்டான்.

"அப்ப பொலிஸ் மாதிரியோ?"

"பொலிஸ் அடிக்கும். இது அடிக்கிறேல்ல."

"மத்தியஸ்தர்?"

"மத்தியஸ்தர் கதைப்பார். இது பக்கத்தில வந்து நிக்கும். சண்டைக்காரச் செல் பெருகிறதுக்கு ஒரு சத்து வேணும். அதை இது முந்திக் குடிச்சிடும். சண்டைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாற செல் ஒண்டிருக்கு. அதின்ர கையில இருக்கிற அடையாளத்தைப் பறிச்சிடும். 'அமத்து, அமத்து' எண்டு சொல்லுற பொருள் ரெண்டு மூண்டையும் சுத்திவரக் கசிய விடும். அவ்வளவுதான்."

"ஏன் குடலில இது இவ்வளவு முக்கியம்?"

நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஒரு நாளைக்கு எத்தினை அந்நியர் உள்ளுக்க போகினம்? சோறு, பருப்பு, பால், கோடிக்கணக்கில கிருமி. எல்லாத்தோடயும் சண்டை பிடிச்சால் குடல் மிஞ்சுமே? சில செல் துவக்கத்திலயே இந்த வேலைக்கெண்டு உருவாகிறது. சிலது குடலுக்கு வந்து, அங்கத்தைச் சாப்பாட்டோடயும் கிருமியோடயும் பழகித்தான் இப்பிடி மாறும். நீங்கள் கீரை, குரக்கன் எண்டு நாருள்ளதாச் சாப்பிட்டால், கிருமி அதைப் புளிக்க வைச்சு ஒரு பொருளை விடும். அதிலயும் இதுகள் வளரும்."

"இது ஒண்டும் இல்லாமல் ஒருத்தர் இருக்கேலுமோ?"

"இல்லாமல் பிறக்கிற பிள்ளையள் இருக்கு. மிச்சம் அருமை, எங்கயோ ஒண்டு. முதல் எரியிறது அநேகமாக் குடல்தான்." கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். "காணும்," என்றார்.

பிறகு அந்தச் செல்லை மட்டும் காட்டும் சாயத்தைப் போட்டார். சோதித்துப் பார்ப்பதற்காக வைத்திருந்த தொண்டைச் சதைத் துண்டு அது. கடைசித் துளி விழுந்ததும் மணிக்கட்டைத் திருப்பினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வெந்நீரில் தேயிலைச் சாயம் இறங்குவதுபோல, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல் மண்ணிறம் வந்தது. ஒரு கண் நுணுக்குக்காட்டியில், ஒரு கண் முள்ளில். "காணும்," என்று கண்ணாடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். மற்றவர்களிடம் சொல்லும் அதே குரல்.

"இன்னும் அரை நிமிஷம் விட்டால் என்ன, மிஸ்?"

"கண்டதெல்லாம் மண்ணிறமாகும். டொக்டர் பாத்தால், இல்லாத இடத்திலயும் இருக்கெண்டு நினைப்பார். முந்தி எடுத்தால், இருக்கிற இடத்தில இல்லையெண்டு எழுதுவார். மருந்துப் போத்தலுக்குப் போத்தல் நேரம் மாறும். பிடிச்சுப் பாத்து, பென்சிலால எழுதி வைக்கோணும்."

கட்டுரை வந்தது. அவர் அதை வாசித்ததற்கு ஒரே அடையாளம், எங்கள் கதவுக்கடியில் தள்ளியிருந்த பத்திரிகைத் துண்டு. 'அற்புதக் கலங்கள்' என்பதில் 'அற்புத' மட்டும் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தது. நான் செய்திருக்க வேண்டிய வெட்டு.

ஆறு மாதம் கழித்து எனக்கு இரத்தமாகப் போகத் தொடங்கியது. கமரா விட்டுப் பார்த்துப் பெருங்குடல் அழற்சி என்றார்கள். படிகளில் ஏறும்போது அவரிடம் சொன்னேன். நாலு படி ஏறித் திரும்பினார்.

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு வந்ததில்லை, தம்பி. நிப்பாட்டுறவை சொல்லுறதை மற்றவை கேக்காமல் விட்டது."

ஸ்டெரொய்டு, பிறகு தினமும் விழுங்கும் குளிசை. அடங்கியது. பத்து மாதம் ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்காதது செய்தியல்ல என்று பழகியவன் நான். காலையில் நாலு குளிசை, மாலையில் நாலு. எட்டில் நாலு மிகை என்று பட்டது, வெட்டினேன். கட்டுரையில் நாலு சொல்லை வெட்டியதுபோல், பந்தி கெடவில்லை. இரண்டு கிழமை கழித்து மிச்ச நாலையும் வெட்டினேன். பதிலுக்கு, காலி வீதி மூலிகைக் கடையில் ஒரு கஷாயத்தூள் வாங்கிக் குடிக்கத் தொடங்கினேன். அது என் எட்டு வழிகளில் மூன்றாவது. தான் தலைப்பிட்ட பக்கத்தைத் தானே நம்பிய உதவி ஆசிரியர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். மனைவியிடம் இரண்டையும் சொல்லவில்லை.

ஏழாம் கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தேன். மனைவி இல்லாத நேரம் டொக்டரிடம் மட்டும் இரண்டையும் சொன்னேன். கஷாயம்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. குளிசையை விட்டதுதான் என்றார். ஒரு நாளில் பதினான்கு தடவை இரத்தமாகப் போனது. கையில் ஏறும் ஸ்டெரொய்டு மூன்று நாளாகியும் வேலை செய்யவில்லை. நாலாம் நாள் சத்திரசிகிச்சை நிபுணர் வந்து, என் வயிற்றின் வலப்பக்கம், தொப்புளுக்குக் கீழே, நீல மையால் ஒரு வட்டம் போட்டார். பெருங்குடலை முழுவதும் எடுக்க வேண்டி வந்தால், சிறுகுடலின் முனையை வெளியே கொண்டுவந்து பை பொருத்தும் இடம். வெட்ட வேண்டிய பந்தியைச் சுற்றி நான் போடும் வட்டமும் அந்த அளவுதான்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. சண்டையின் அபாயச் சங்கை அடைக்கும் ஒரு வலுவான ஊசி. ஆனால் சில வேளை இப்படி எரியும் குடலில் ஒரு வைரஸ் பதுங்கியிருக்கும். அது இருந்தால் அதற்குத்தான் முதலில் மருந்து. தெரியாமல் காவலை இன்னும் அமுக்கினால் வைரஸுக்குக் கொண்டாட்டம். அதற்கு மருந்து கொடுத்துக் காத்திருக்க என் குடலுக்கு நேரமில்லை. வைரஸ் இல்லையென்றால் ஊசி, இருந்தால் பெரும்பாலும் கத்தி. டொக்டர் குடலிலிருந்து நாலு துண்டு கிள்ளி அனுப்பினார். வைரஸ் இருந்தால் அது மண்ணிறமாகத் தெரியும். துண்டுகள் போன இடம் கொட்டாஞ்சேனை.

அன்று பகல் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் லாப் மிஸ் வந்தார். ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் போனில் இருந்தார். இந்த ஆஸ்பத்திரி சரியில்லை, இந்தியாவுக்குக் கொண்டுபோ என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது. மனைவி அழுதபடி அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஸ் போனைக் கேட்டு வாங்கினார். "நான் மேல்மாடி மிஸ் கதைக்கிறன், தம்பி. ஓம். ஓம். நாளைப் பின்னேரம் முடிவு தெரியும். அதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்க வேண்டாம். காணும்." போனை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மிஸ், கெதியாச் செய்யச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

"கெதியாச் செய்யிறேல்ல, பிள்ளை. நேரத்துக்கு நிப்பாட்டுறது."

என் சட்டை விலகியிருந்தது. அவர் நீல வட்டத்தைப் பார்த்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, தொடாமல், அதற்கு மேல் பிடித்தார். கோப்பைக்கு மேல் பிடிப்பதுபோலவேதான். சொல்லை மட்டும் சொல்லவில்லை. பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ஸ்டெரொய்டின் மயக்கத்தில் ஒரு கனவு கண்டேன். நீளமான, இளஞ்சிவப்பு நிறமான ஒழுங்கை. இருபக்கமும் வட்ட வட்டமாக வீடுகள். எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்க, எல்லோரும் வெளியே நின்று கத்துகிறார்கள். யார் எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் இங்கொருவர் அங்கொருவராக, மண்ணிறப் புடவை கட்டியவர்கள் கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கையின் முடிவில் கடல், சத்தமில்லாமல். விழித்தபோது தாதி துவாயை மாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. வைரஸ் இல்லை. சந்தேகம் என்ற சொல்லும் இல்லை. ஐந்து மணிக்கு ஊசி ஏறத் தொடங்கியது. பதினான்கு, பதினொன்றாகி, ஏழாகி, மூன்றானது. நீல வட்டம் குளிப்பிலேயே மங்கிப் போனது. குடல் என்னோடு வீடு வந்தது.

நன்றி சொல்ல மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தவர் உட்காரச் சொல்லவில்லை.

"எத்தினை நாளாக் குளிசையை விட்டனீங்கள்?"

டொக்டரைத் தவிர ஒருவருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. "ஏழு கிழமை."

"சத்தம் இல்லாட்டி வேலை நடக்கேல்லை எண்டு நினைச்சிட்டியள்."

நான் படியிறங்கினேன். அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. குளிசையை மட்டும் எண்ணித் தந்தாள்.

இதோடு நிறுத்தினால் இது இரங்கற்செய்தி போலாகிவிடும். நல்லதை மட்டும் தொகுப்பது அந்தப் பத்தியின் வேலை. அவருடைய 'காணும்' எங்களுக்கு எப்போதும் நன்மை செய்ததில்லை.

பக்கத்துக் காணியில் உயர்மாடி எழும்பத் தொடங்கிய மழைக்காலத்தில், அவர்களுடைய வேலையில் எங்கள் கழிவு நீர்க்குழாய் உடைந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர் புடவை வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார். அவருடைய வாசலில் நாற்றத் தண்ணீர் தேங்கியது. மொட்டைமாடியில் கூட்டம் கூடியது. ஹாஜியார் உயர்மாடி கட்டுபவர்களின் காரியாலயத்துக்குப் போய் ரகளை செய்வதாகச் சொன்னார். ஆறேழு பேர் எழும்பினார்கள். மிஸ் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் போய் நின்றார். "ஒரு கிழமை பாப்பம். கடிதம் ஒண்டு குடுப்பம்." உட்கார்ந்தார்கள். அடுத்த கிழமையும் அப்படியே. மூன்று மாதம் கழித்து, ஹாஜியார் கீழறையில் அடுக்கி வைத்திருந்த துணிக்கட்டுகள் அடியிலிருந்து கறுத்துப் போயிருந்தன. ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் போட்டார்.

"மோந்து பாருங்க, மிஸ். நாங்க எவ்வளவு நாளைக்கு இப்பிடி இரிக்கிறது? வீங்கின எடத்தையெல்லாம் நீங்க தடவித் தடவி இறக்குனீங்க. உள்ளுக்குச் சீழ் புடிச்சிரிச்சு."

மிஸ் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஓம் ஹாஜியார். இது என்ர பிழை. போங்கோ. இனி நான் மறிக்கேல்லை."

ஹாஜியாரும் ஆறேழு பேரும் போய்க் கத்தினார்கள். சத்தம் நாலாம் மாடிவரை கேட்டது. இரண்டாம் நாள் புதுக் குழாய் போட்டார்கள்.

அன்று படிக்கட்டில் அவரோடு நின்றேன். தன்னைப் பற்றி அவர் பேசிய ஒரே நாள் அது. "அழற்சி கூடாதெண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை, தம்பி. உண்மையான கிருமி வந்தால் இந்தச் செல் விலகி இடம் விடோணும். விடாமல் நிண்டாலும் கரைச்சல்தான். புற்றுக்கட்டி வளரேக்க அதைச் சுத்தியும் இதுகள் போய்க் காவல் நிக்கும். அடிக்க வாறவையைத் திருப்பி அனுப்பும். எப்ப நிக்கோணும், எப்ப விலகோணும் எண்ட வித்தியாசம் அதுக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை பாத்தியளே."

"நீங்கள் ஏன் மிஸ் இப்பிடி? எதையும் நிப்பாட்டத்தான் பாக்கிறியள்."

கைப்பிடிச் சுவரில் இருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்தார். "எங்கட வீட்டில நாலு ஆம்பிளையள். ஒருத்தருக்கும் நிப்பாட்டத் தெரியாது." கடற்பக்கமாக ரயில் வந்தது. யன்னல்கள் அதிர்ந்து அடங்கும்வரை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். "காணும்," என்று மேலே போனார்.

செய்தியாளனாக நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஊசிக்கு ஒரு வருடம் கழித்து மீண்டும் கமரா விட்டுப் பார்த்து, துண்டுகள் எடுத்தார்கள். குடல் அமைதியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது; ஒரு வரி. அதற்கு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலை, நான் வேலைக்கு இறங்கியபோது, வாசல் காவலாளி ஒரு கடித உறையை நீட்டினார். லாப் மிஸ் விடிய ஆறு மணிக்கே வான் வண்டியில் பெட்டிகளோடு போய்விட்டார், திருகோணமலைக்கு, தங்கை வீட்டோடு இருக்க என்றார். வீட்டை விட்டுவிட்டாராம். ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு அது மனவருத்தம். "ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போயிருக்கலாம்," என்றாள். எனக்கு வருத்தம் இருந்தது, ஆச்சரியம் இல்லை.

உறைக்குள், பஞ்சில் சுற்றிய இரண்டு கண்ணாடிகள். ஓரத்தில் பென்சிலால் இலக்கம்; என் பெயர் இல்லை. இரண்டு இலக்கமும் என் இரண்டு ரிப்போர்ட்டிலும் இருந்தவை: ஆஸ்பத்திரியில் எரிந்துகொண்டிருந்தபோது எடுத்த துண்டு, ஒரு வருடம் கழித்து எடுத்த துண்டு. இலக்கத்துக்குக் கீழே இரண்டிலும் ஒரே எழுத்து: நாலு நிமிஷம், பத்து செக்கன். வேறு ஒரு சொல்லும் இல்லை. யன்னலில் கடல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். மங்கலான நீலக் கறை, நகத்தளவு. வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மட்டக்குளி பஸ் ஏறிப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். அவருடைய கதிரையில், அவரோடு பல வருடம் வேலை செய்த ஒரு நரைத்த மனிதர் இருந்தார். கண்ணாடிகளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"டொக்டரிட்ட கேட்டுத்தான் செய்தவ. பழைய மெழுகுக் கட்டியை எடுத்துத் திருப்பிச் சீவி, புதுசையும் சீவி, நிப்பாட்டுற செல்லைக் காட்டுற சாயத்தைப் போட்டு, ஒரே நாளில, ஒரே போத்தலில, ஒரே நேரத்துக்கு நிப்பாட்டினவ."

"ஏன் ஒரே நேரம்?"

"அப்பதான் தெரியிற வித்தியாசம் உங்கட குடலின்ர வித்தியாசம். அவட கையின்ர வித்தியாசமில்லை."

முதற் கண்ணாடியை வைத்தார். நான் கண்டது கூட்டம். சுரப்பிகள் உடைந்து, வட்டம் கலைந்து, இடமெல்லாம் நீலப் பொட்டுகள். அதற்குள் மண்ணிறப் பொட்டுகளும் நிறைய, நான் நினைத்ததைவிட அதிகம்.

"இவ்வளவு பேர் நிக்கினமே," என்றேன். "பிறகேன் எரிஞ்சது?"

"எரியிற இடத்துக்குத்தானே வருவினம். வந்து நிண்டவை. அந்தச் சத்தத்தில ஆர் கேக்கிறது? ஊசி சத்தத்தைத்தான் குறைச்சது. மிச்சம் இவையின்ர வேலை."

இரண்டாவது கண்ணாடி. இளநீலம், நிறைய வெளி. சுரப்பிகள் வட்டம் வட்டமாக மீண்டும் வந்து ஒழுங்காக நின்றன. அவற்றுக்கிடையே ஒன்றிலிருந்து ஒன்று தூரமாக, மண்ணிறத்தில் ஒரு பொட்டு, அங்கே இன்னொன்று. ஒன்றும் செய்யாததுபோல் நின்றன. அன்று காலை விழுங்கிய நாலு குளிசையும் அந்நேரம் என் குடலுக்குள் எங்கோ கரைந்துகொண்டிருந்திருக்கும். இரும்புக் கடையில் தகரம் விழுந்தது. தேவாலய மணி அடித்தது. என் தொழிற்பழக்கம், எண்ணத் தொடங்கினேன்.

பத்தொன்பது வரை எண்ணினேன். பார்வை வட்டத்தின் ஓரத்தில் இன்னும் இருந்தன. நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன்.